பெட்டிக்குள் இருக்கும் பேரேடு: கணிப்பொறிக் கணக்கைப் படியெடுப்பதும் மீட்பதும்

கடை சாத்தும்போது கல்லாப்பெட்டியைப் பூட்டாமல் வீட்டுக்குப் போகும் வியாபாரி யாரும் இல்லை. நிலுவைப் பேரேட்டை இரும்புப் பெட்டியில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக் கொண்டு போன காலமும் உண்டு. இன்று அந்தப் பேரேடு கணிப்பொறிக்குள் போய்விட்டது. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த மில்லுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், குடோனில் துவரம் பருப்பு எத்தனை மூட்டை என்பதெல்லாம் உள்ளங்கை அளவுள்ள ஒரு தட்டில் இருக்கின்றன. அந்தத் தட்டுக்கு என்ன காவல் என்று கேட்டால், "கம்ப்யூட்டர்காரர் ஏதோ செய்து வைத்திருக்கிறார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். அந்த "ஏதோ" என்னவாக இருக்க வேண்டும் என்பதை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

குறிப்பாக ஒரு வகை அமைப்பை எடுத்துக் கொள்கிறோம். நம்மில் பலர் பத்துப் பதினைந்து ஆண்டுகளாக ஒரே பில் மென்பொருளை வைத்திருக்கிறோம். அது விண்டோஸ் எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 காலத்தில் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் தொழிலை விட்டே போயிருப்பார். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கணிப்பொறி ஓய்ந்து, புதிது வாங்கினால் பழைய மென்பொருள் அதில் ஓட மறுக்கிறது. அப்போது கம்ப்யூட்டர்காரர் ஒரு வழி செய்கிறார். புதிய கணிப்பொறிக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற ஒரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் பழைய விண்டோஸை உட்கார வைக்கிறார். திரையில் ஒரு சன்னல் திறக்கிறது. அந்தச் சன்னலுக்குள் நம் பழைய கணிப்பொறி அப்படியே இருக்கிறது. இதை விர்ச்சுவல் கணிப்பொறி என்பார்கள். நாம் இங்கே உள் கணிப்பொறி என்றும், அதைத் தாங்கும் உண்மையான பெட்டியை வெளிக் கணிப்பொறி என்றும் சொல்லிக் கொள்வோம்.

மொத்த வியாபாரிகள் சிலர் இதையே வேறு காரணத்துக்காக வைத்திருக்கிறார்கள். குடோனில் ஒருவர், கடை முகப்பில் ஒருவர், கணக்குப்பிள்ளை ஒருவர் என்று மூன்று பேரும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் மூன்று உள் கணிப்பொறிகளில் வேலை செய்வார்கள். பெட்டி ஒன்றுதான், செலவும் குறைவு. ஆனால் அந்த ஒரு பெட்டி படுத்தால் மூவருக்கும் வேலை நின்றுவிடும். இந்தக் கணக்கை யாரும் வாங்கும்போது போட்டுப் பார்ப்பதில்லை.

உள் கணிப்பொறியைப் பற்றி வியாபாரி தெரிந்துகொள்ள வேண்டிய முதல் செய்தி, அதன் ஹார்டு டிஸ்க் என்பது உண்மையில் டிஸ்க் அல்ல, வெளிக் கணிப்பொறியில் கிடக்கும் ஒரு பெரிய கோப்பு என்பதே. 30 அல்லது 40 ஜி.பி. அளவில் ஒரே கோப்பு. பழைய விண்டோஸ், பில் மென்பொருள், பத்தாண்டுக் கணக்கு எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் அடக்கம். இதில் ஒரு சௌகரியமும் ஓர் ஆபத்தும் இருக்கின்றன. கோப்பைப் பத்திரமாக நகல் எடுத்து வைத்திருந்தால், வேறு எந்தக் கணிப்பொறியிலும் அதே மென்பொருளைப் போட்டு, நம் பழைய கணிப்பொறியை அப்படியே எழுப்பிவிடலாம். உண்மையான பழைய கணிப்பொறியில் இது நடக்கவே நடக்காது. ஆபத்து என்னவென்றால், அந்த ஒரு கோப்பில் ஒரு பகுதி கெட்டாலும் மொத்தமும் திறக்காமல் போகலாம்.

கார்பன் தாளும் நேற்றைய நோட்டும்

படியெடுத்தல் என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. இரண்டையும் ஒன்றென்று நினைப்பதால்தான் பெரும் சங்கடங்கள் வருகின்றன.

முதலாவது, உடனுக்குடன் படியெடுப்பது. ஆங்கிலத்தில் ரெப்ளிகேஷன் என்பார்கள். பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவது போன்றது இது. மேலே எழுதும்போதே கீழேயும் பதிகிறது. இரண்டு டிஸ்க்குகளில் ஒரே சமயத்தில் எழுதும் ஏற்பாடும் இந்த வகைதான். சர்வர் விண்டோஸில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள் கணிப்பொறியை இன்னொரு பெட்டிக்கு அனுப்பிக் கொண்டேயிருக்கும் வசதியும் இந்த வகைதான். ஒரு பெட்டி புகைந்துவிட்டால் மற்றதில் வேலையைத் தொடரலாம். நடு மத்தியானம் டிஸ்க் போனாலும் காலையில் போட்ட பில்கள் தப்பும்.

ஆனால் கார்பன் தாளுக்கு நல்லது கெட்டது தெரியாது. மேலே தவறாக எழுதினால் கீழேயும் தவறாகவே விழும். கடைப் பையன் கைதவறி ஒரு வாடிக்கையாளர் கணக்கை அழித்தால், அடுத்த நிமிடமே படியிலும் அழிந்துவிடும். வைரஸ் வந்து கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்பு பத்திரமாகப் படியெடுக்கப்படும்!

இரண்டாவது, பேக்கப் எனப்படும் காப்புப் படி. இது நேற்றிரவு கணக்கு முடித்து, மூடி, வீட்டுக்கு எடுத்துப் போன நோட்டு. இன்று கடையில் என்ன நடந்தாலும் அந்த நோட்டில் ஒன்றும் மாறாது. நேற்று இரவு வரை உள்ளது மட்டுமே அதில் இருக்கும். இன்றைய பில்கள் இருக்கா. அதன் குறையும் அதுதான், பலமும் அதுதான்.

இந்த வேறுபாட்டை உலகம் முழுவதும் விளங்கிக் கொண்ட நாள் ஒன்று உண்டு. 2017 ஜூன் 27. உக்ரைன் நாட்டில் வியாபாரிகள் வரிக் கணக்குக்குப் பரவலாகப் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் வழியே நாட்பெட்யா என்ற நாசகாரி பரவியது. கவனியுங்கள், வந்த வழி கணக்கு மென்பொருள். கப்பல் சரக்குப் போக்குவரத்தில் உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான டென்மார்க்கின் மெர்ஸ்க்கும் இதில் சிக்கியது. மும்பையை அடுத்த ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அந்தக் குழுமத்தின் சரக்கு முனையம் உட்பட, பல நாடுகளில் வேலை நின்றது. பின்னர் சுமார் 4,000 சர்வர்களையும் 45,000 கணிப்பொறிகளையும் புதிதாக நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் 2018 ஜனவரியில் பொதுமேடையில் சொன்னார். நஷ்டம் 25 கோடி முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே கணக்கிட்டது.

நமக்குப் பாடம் இதற்குள் இருக்கும் ஒரு சிறு விஷயத்தில் இருக்கிறது. யார் யார் எந்தக் கணிப்பொறியைத் திறக்கலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் அங்கே சுமார் 150 இருந்தன. ஒன்றிலிருந்து ஒன்று ஓயாமல் படியெடுத்துக் கொள்ளும் ஏற்பாடு. ஒன்று போனால் மற்றது இருக்கிறதே என்று நம்பி, அவற்றுக்குத் தனியாகக் காப்புப் படி எடுக்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. ஒன்று மட்டும் தப்பியது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் அந்த நேரத்தில் கரண்ட் போயிருந்ததால், அங்கிருந்த சர்வர் இணைப்பில் இல்லை! அதிலிருந்த தகவலை இங்கிலாந்துக்கு இணையத்தில் அனுப்பப் பல நாள் ஆகும் என்று தெரிந்ததும், ஓர் ஊழியர் டிஸ்க்கைக் கையில் எடுத்துக் கொண்டு விமானம் ஏறினார். அவருக்கு பிரிட்டன் விசா இல்லாததால் நைஜீரியாவில் இன்னொருவரிடம் கைமாற்றிக் கொடுத்தார். 150 படிகள் செய்யாத வேலையை, இணைப்பில் இல்லாத ஒரே ஒரு படி செய்தது.

ஆகவே சின்ன மளிகைக் கடைக்கு நாம் சொல்வது, காப்புப் படிக்கு முதலிடம் கொடுங்கள். உடனுக்குடன் படியெடுக்கும் ஏற்பாடு வசதியிருந்தால் பிறகு செய்து கொள்ளலாம். மொத்த வியாபாரிக்கு இரண்டும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் அவருக்கும் முதலில் காப்புப் படிதான்.

"ஸ்னாப்ஷாட்" என்ற சமாதானம்

உள் கணிப்பொறி வைத்துக் கொடுக்கும் ஆட்கள், "ஸ்னாப்ஷாட் எடுத்திருக்கிறேன், கவலை வேண்டாம்" என்று சொல்வதைப் பலர் கேட்டிருக்கலாம். இதை நம்பி இருந்துவிடக் கூடாது.

ஸ்னாப்ஷாட் என்பது பேரேட்டில் ஒரு கோடு போடுவது போன்றது. கோட்டுக்கு மேலே உள்ளதை இனித் தொடமாட்டோம். இனிமேல் வரும் மாற்றங்களைத் தனிச் சீட்டில் எழுதுவோம் என்று கணிப்பொறி வைத்துக் கொள்கிறது. வேண்டாம் என்றால் சீட்டைக் கிழித்துவிட்டுக் கோட்டிலிருந்து தொடங்கலாம். புதிதாக ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்க்கும் முன் எடுத்து வைக்க மிக நல்ல வசதி இது. ஆனால் பேரேடும் சீட்டும் இருப்பது ஒரே டிஸ்க்கில். பேரேடு போனால் சீட்டை மட்டும் வைத்து ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க் கெட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எடுத்த ஸ்னாப்ஷாட்டுகளை அப்படியே விட்டுவிட்டால் சீட்டுகள் வளர்ந்துகொண்டே போகும். டிஸ்க்கில் இடம் தீர்ந்து ஒருநாள் உள் கணிப்பொறி நடுவில் நின்றுவிடும். இடம் வேண்டுமே என்று விவரம் தெரியாத ஒருவர் அந்தச் சீட்டுக் கோப்புகளை நேராக அழித்தாரானால் கடைசிச் சில மாதக் கணக்கு அதோடு போய்விடும். அவற்றை விர்ச்சுவல் மென்பொருளின் உள்ளிருந்தே நீக்க வேண்டும். வெளியிலிருந்து கை வைக்கக் கூடாது.

படி எடுக்கும் முறை

தினமும் 40 ஜி.பி. முழுவதையும் நகல் எடுக்க வேண்டியதில்லை. வேலையை இரண்டாகப் பிரித்துக் கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

தினப்படி, கணக்கு மட்டும். பில் மென்பொருளிலேயே பேக்கப் கட்டளை இருக்கும். டேலி வைத்திருப்போருக்கு அது பழக்கமானதுதான். இரவு கடை சாத்தும் முன் அந்தக் கட்டளையைக் கொடுத்தால், அன்று வரையுள்ள கணக்கு ஒரு சிறு கோப்பாகிவிடும். சாதாரண மளிகைக் கடைக்குச் சில நூறு எம்.பி. கூட வராது. அதை உள் கணிப்பொறிக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது. உள்ளுக்கும் வெளிக்கும் பொதுவான ஒரு ஃபோல்டரைக் கம்ப்யூட்டர்காரரிடம் அமைத்துத் தரச் சொல்லி, அதன் வழியே வெளியே எடுத்து, தனி டிஸ்க்கில் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. கோப்பின் பெயரில் தேதி இருக்கட்டும். நேற்றையதன் மேல் இன்றையதை எழுதிக் கொண்டே போனால், ஒரு வாரம் முன்பு நேர்ந்த தவறு இன்று தெரிய வரும்போது திரும்பிப் போக இடமிருக்காது.

வாரத்துக்கு ஒருமுறை, உள் கணிப்பொறி முழுவதும். இதற்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. உள் கணிப்பொறியை ஒழுங்காக நிறுத்திய பிறகே அதன் கோப்பை நகல் எடுக்க வேண்டும். ஓடிக் கொண்டிருக்கும்போது எடுத்தால், கணக்குப்பிள்ளை எழுதிக் கொண்டிருக்கும்போதே நோட்டைப் பிடுங்கியது போல, பாதி வரி எழுதியும் பாதி எழுதாமலும் வரும். திறக்கும் போதுதான் தெரியும். நிறுத்தாமலே ஒழுங்காகப் படியெடுக்கும் மென்பொருள்களும் உள்ளன. ஆனால் ஞாயிறு மத்தியானம் கடை சாத்தும் நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. டிஸ்க் கோப்போடு, அந்த உள் கணிப்பொறியின் அமைப்பு விவரம் எழுதிய சிறு கோப்பும் பக்கத்தில் இருக்கும். ஃபோல்டரை மொத்தமாகவே எடுத்தால் எதுவும் விடுபடாது.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. 64 ஜி.பி. பென் டிரைவ் வாங்கி, 40 ஜி.பி. கோப்பைப் போட்டால், இடமிருந்தும் "கோப்பு பெரிது" என்று மறுக்கும். பென் டிரைவ் ஃபேட் 32 என்ற முறையில் அமைக்கப்பட்டிருந்தால், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை அது ஏற்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்.டி.எஃப்.எஸ். முறையில் மாற்றி அமைத்தால் ஏற்கும். மாற்றி அமைக்கும்போது அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதை வைத்துச் செய்யுங்கள். ஆனால் நம் அபிப்பிராயம், பென் டிரைவே வேண்டாம். சட்டைப் பையில் துவைக்கப் போகிற சாமான் அது. யு.எஸ்.பி. வழியே செருகும் வெளி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். நேரக் கணக்கு பார்த்தால், பழைய யு.எஸ்.பி. 2 துளையில் நொடிக்கு 30 எம்.பி. போகும் என்று கொண்டால் 40 ஜி.பி.க்கு இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். நீல நிறமுள்ள யு.எஸ்.பி. 3 துளையில் நொடிக்கு 100 எம்.பி. என்று வைத்தால் ஏழு நிமிடத்துக்குள் முடியும்.

இரண்டு டிஸ்க் ஏன்? ஒன்று கடையில், ஒன்று வீட்டில். சிவப்பு நூல் கட்டியது இந்த வாரம் கடைக்கு வந்தால், பச்சை நூல் கட்டியது வீட்டில் இருக்கும். அடுத்த வாரம் மாற்றிக் கொள்ள வேண்டும். படி எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் எந்த டிஸ்க்கும் கணிப்பொறியில் செருகியிருக்கக் கூடாது. பணம் கேட்டுப் பூட்டும் வைரஸ்கள் செருகியிருக்கும் டிஸ்க்கையும் தேடிப் பிடித்துப் பூட்டுகின்றன. எப்போதும் ஒட்டியே இருக்கும் டிஸ்க்கில் எடுத்த பேக்கப், இரும்புப் பெட்டியின் சாவியைப் பெட்டியின் மேலேயே தொங்க விட்டதற்குச் சமம்.

வீட்டுக்கு எடுத்துப் போவது எதற்கு என்பதை நம் மாநில வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் அடுத்து தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை பதிவாயிற்று. அப்படிப்பட்ட நாளில் மேசைக்குக் கீழே இருக்கும் கணிப்பொறியும், அதே மேசையின் இழுப்பறையில் இருக்கும் பேக்கப் டிஸ்க்கும் ஒன்றாகவே நனையும். வீடும் கடையும் ஒரே கட்டிடம் என்றால், சம்பந்தி வீட்டிலோ ஆடிட்டர் அலுவலகத்திலோ ஒரு டிஸ்க் இருக்கட்டும்.

இணையத்தில் ஏற்றி வைக்கலாமே என்று இளைய தலைமுறை சொல்லும். தினப்படிக் கணக்குக் கோப்பை ஏற்றுவது நல்லதுதான், செய்யுங்கள். ஆனால் 40 ஜி.பி. முழுவதையும் நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் அனுப்ப ஒன்பது மணி நேரம் ஆகும்; திரும்ப இறக்குவதற்கும் நேரம் வேண்டும். மேலும், கூகுள் டிரைவ் போன்றவற்றில் ஒரு ஃபோல்டரை இணைத்து வைப்பது அடிப்படையில் கார்பன் தாள் வகையைச் சேர்ந்தது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்; கூகுள் டிரைவின் குப்பைக் கூடையில் 30 நாள் மட்டுமே கிடக்கும்.

சட்டம் என்ன கேட்கிறது

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36ஆம் பிரிவின்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்கான ஆண்டு விவர அறிக்கையின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். 2023-24ஆம் ஆண்டை எடுத்துக் கொண்டால், கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. எனவே 2030 டிசம்பர் 31 வரை. வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் இன்னும் நீளும். கணிப்பொறியில் கணக்கு வைப்போருக்கு விதி 57 தனியாக இருக்கிறது. விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ கணக்கு அழிந்தால், நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி முறையான மின்னணுக் காப்புப் படி வைத்திருக்க வேண்டும் என்பதே அது. அதிகாரி கேட்டால் கோப்பின் விவரம், கடவுச்சொல் ஆகியவற்றையும் தர வேண்டும். "கம்ப்யூட்டர் கெட்டுப் போச்சுங்க" என்பது பதிலாகாது.

ஆகவே ஒவ்வொரு மார்ச் 31க்கும் உள் கணிப்பொறியின் முழுப் படி ஒன்றைத் தனியாக எடுத்து, ஆண்டைக் குறித்து, அதன் மேல் எதையும் எழுதாமல் வைத்து விடுங்கள். ஏழு ஆண்டுக்குப் பிறகு கணக்குக் கோப்பு மட்டும் இருந்து, அதைத் திறக்கும் பழைய மென்பொருள் இல்லாவிட்டால் என்ன பயன்? முழுப் படியில் மென்பொருளும் சேர்ந்தே இருக்கும். உள் கணிப்பொறி முறையில் நமக்கு மிகப் பிடித்த நன்மை இதுதான்.

மீட்டுப் பார்த்தாலொழிய அது பேக்கப் அல்ல

மென்பொருள் தொழிலிலேயே இருக்கும் கிட்லேப் என்ற நிறுவனத்தில், 2017 ஜனவரி 31 அன்று ஓர் ஊழியர் தவறான சர்வரில் தகவலை அழித்துவிட்டார். ஐந்து விதமான படியெடுக்கும் ஏற்பாடுகள் இருந்தன. தேடிப் பார்த்தால் ஒன்றுகூட ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று அவர்களே வெளிப்படையாக அறிவித்தார்கள். வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த படி கைகொடுத்தது. கணிப்பொறியே தொழிலாக உள்ளவர்களுக்கு இந்த நிலை என்றால் அரிசி பருப்பு விற்கும் நாம் சோதித்துப் பார்க்காமல் இருக்கலாமா?

மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்குங்கள். வீட்டில் மகனோ மகளோ வைத்திருக்கும் மடிக்கணினி போதும். அதில் அதே விர்ச்சுவல் மென்பொருளை நிறுவி, பேக்கப் டிஸ்க்கிலிருந்து உள் கணிப்பொறியின் ஃபோல்டரை மடிக்கணினிக்கு நகல் எடுத்து, திறந்து பாருங்கள். டிஸ்க்கிலிருந்து நேராகத் திறக்காதீர்கள். திறந்தால் அந்தப் படியே மாறிவிடும். திறந்ததும் மூன்றைப் பாருங்கள். கடைசி பில் எண் சரியா? பெரிய பாக்கிக்காரர் ஐந்து பேரின் நிலுவை, கடையில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா? ஒரு பில்லை அச்சிட முடிகிறதா? எவ்வளவு நேரம் பிடித்தது என்று கடிகாரம் பார்த்துக் குறித்துக் கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் கணிப்பொறி படுத்தால் எத்தனை மணி நேரம் கைப்பில் போட்டுச் சமாளிக்க வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு.

சோதனையில் பெரும்பாலும் மூன்று இடத்தில் இடிக்கும். பில் மென்பொருளுக்குப் பின்னால் செருகும் பூட்டுச் சாவி கடையிலேயே இருந்துவிடும், அல்லது உரிமம் பழைய பெட்டியோடு கட்டப்பட்டிருக்கும். பழைய விண்டோஸின் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. வெளிக் கணிப்பொறியின் டிஸ்க் பிட்லாக்கர் என்ற முறையால் பூட்டப்பட்டிருந்து, அதன் 48 இலக்க மீட்பு எண் எங்கே என்று தெரியாது. புதிய விண்டோஸ் 11 கணிப்பொறிகள் பலவற்றில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். இவை ஞாயிற்றுக்கிழமை தெரிந்தால் சிரித்துக் கொண்டே சரி செய்யலாம்.

சோதனையோடு இன்னொன்றையும் பார்த்து விடுங்கள். உள்ளே இருக்கும் பழைய எக்ஸ்பிக்கு இணையம் போகக் கூடாது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, யாரும் எதையும் திறக்காமலே வலையின் வழியே பழைய விண்டோஸ்களில் புகுந்தது. உள் கணிப்பொறியின் வலை இணைப்பை வெளிப்பெட்டியோடு மட்டும் நிறுத்தும்படி அமைத்துவிட்டால் பில் போடுவதற்கு எந்தக் குறைவும் வராது.

உண்மையாகவே கெட்டுப் போன அன்று

முதல் வேலை, கை வைக்காமல் இருப்பது. கெட்ட டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஓட விட்டால் மிச்சமிருப்பதும் போகும். வைரஸ் என்று சந்தேகம் இருந்தால் வலைக் கம்பியைப் பிடுங்கி விடுங்கள். பேக்கப் டிஸ்க்கை அந்தக் கணிப்பொறியில் செருகவே கூடாது. பதற்றத்தில் எல்லோரும் முதலில் செய்வது அதைத்தான். இரண்டு படிகளில் ஒன்றை மட்டும் வேறு சுத்தமான கணிப்பொறிக்குக் கொண்டு போய், மற்றது வீட்டிலேயே இருக்க, வேலையைத் தொடங்குங்கள்.

முழுப் படி ஞாயிற்றுக்கிழமை எடுத்தது, இன்று வியாழன் என்றால், முதலில் ஞாயிறு படியிலிருந்து உள் கணிப்பொறியை எழுப்பி, அதன் மேல் புதன் இரவு எடுத்த தினப்படிக் கணக்கை ஏற்ற வேண்டும். டேலி போன்றவற்றில், ஏற்கெனவே உள்ள கணக்கின் இடத்திலேயே மீட்டால் இருப்பதன் மேல் எழுதிவிடும். புது ஃபோல்டரில் மீட்டு, சரிபார்த்த பிறகு பழையதை ஒதுக்குங்கள்.

இப்போது கணக்கு புதன் இரவில் நிற்கிறது. இன்று காலையிலிருந்து போட்ட பில்கள் அதில் இல்லை. அவசரத்தில் அப்படியே பில் போடத் தொடங்கினால் என்ன ஆகும்? புதன் இரவு கடைசி பில் 4,210 என்றால், கணிப்பொறி அடுத்து 4,211 என்று கொடுக்கும். ஆனால் இன்று காலையிலேயே 4,211 முதல் 4,260 வரை வாடிக்கையாளர்கள் கையில் போயிருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு பில்! ஜி.எஸ்.டி. விதி 46, பில் எண் நிதியாண்டுக்குள் தனித்ததாக, தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்கள் மின்-பில் பதியும்போது இரண்டாவதைத் தளமே தள்ளிவிடும். மற்றவர்களுக்கு ஆண்டு முடிவில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் தெரியும். அந்த விதியே ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளை அனுமதிக்கிறது. எனவே அன்று மாலை வரை வேறு முன்னெழுத்தோடு புது வரிசையில் பில் போட்டுக் கொண்டு, விட்டுப் போன 50 பில்களை அவற்றின் பழைய எண்ணிலேயே நிதானமாக ஏற்றிவிடலாம். மொத்தக் கடையில் ஒரு பில்லுக்கு மூன்று நிமிடம் என்றால் இரண்டரை மணி நேரம் ஆகும்.

அந்த 50 பில்களின் விவரம் எங்கிருந்து கிடைக்கும்? பில்லின் இரண்டாவது பிரதியை அன்றன்று கம்பியில் குத்தி வைக்கும் பழைய வழக்கம் இருந்தால் கவலையே இல்லை. இல்லாவிட்டால், சரக்கு அனுப்பிய மின் வழிச்சீட்டுகள் அரசுத் தளத்தில் இருக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பில்கள் செல்போனில் இருக்கும். கொள்முதல் பில்களை, நமக்கு விற்றவர் தாக்கல் செய்த பின் ஜி.எஸ்.டி. தளத்தில் 2-பி அறிக்கையில் பார்க்கலாம். வங்கியில் வந்த பணத்துக்கு வங்கி விவரம் உண்டு. எந்தத் தளத்திலும் கிடைக்காதது ஒன்றே ஒன்று. கடனாகக் கொடுத்த சரக்கும், அதற்குக் கையில் வாங்கிய ரொக்கமும். பாக்கி வைத்தவர் நல்லவராக இருந்தால் தாமே சொல்வார். இல்லாதவரிடம் பேச நம்மிடம் கையெழுத்து வேண்டும். கணக்குப் பதிவு மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்கப் போதாது என்பது சாட்சியச் சட்டத்தில் நெடுங்காலமாக உள்ள விதி. ஆகவே கணிப்பொறி எவ்வளவு நன்றாக இருந்தாலும், கடன் பில்லின் பிரதியில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை விட வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக் கொள்கிறோம்.

கடைசியாக ஒரு தாள். விர்ச்சுவல் மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும், உள் கணிப்பொறியின் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதும், கடவுச்சொற்கள், பில் மென்பொருளின் உரிம எண், பிட்லாக்கரின் 48 இலக்கம், எந்த நூல் கட்டிய டிஸ்க் எங்கே இருக்கிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். கையால் எழுதி, வீட்டில் நகைப் பெட்டியோடு வையுங்கள். கம்ப்யூட்டர்காரர் அடுத்த முறை வரும்போது, அவர் கணிப்பொறியைத் தொடும் முன், அந்தத் தாளை எதிரில் வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு நிரப்பிக் கொள்ளுங்கள்.